வீட்டு லினக்ஸ் கணினியிலிருந்து மின்னஞ்சல் போகாதபோது: மடல் நின்ற இடத்தைக் கண்டறிதல்

குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் என் மாமா, சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார். "இன்னா மாப்ள, மூணு நாளா கணக்கு வரலன்னு ஆடிட்டர் கேட்டுக்கினே இருக்காரு. மெஷின் நல்லாத்தான் ஓடுது, நெட்டும் வருது" என்றார். கடைக்கு மேல் மாடியில் உள்ள அவர் வீட்டில் பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. அதில் டெபியன் லினக்ஸை நான்தான் நிறுவிக் கொடுத்தேன். அன்றாட விற்பனைக் கணக்கை இரவில் தொகுத்து, வேலூரில் இருக்கும் ஆடிட்டருக்கு மின்னஞ்சலாக அனுப்புவது அதன் வேலை.

இப்படி ஒரு நிலை வரும்போது, லினக்ஸுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் அமைப்புக் கோப்பைத் திறந்து, எங்கோ பார்த்த நான்கு வரிகளை அதில் ஒட்டிப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மடல் எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் எதையாவது மாற்றினால், ஏற்கெனவே இருந்த ஒரு கோளாறோடு நாம் உண்டாக்கிய இரண்டு கோளாறுகளும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது முதலில் இருந்தது என்று நமக்கே தெரியாது. இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் காரணம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடல் கைமாறும் வழி

மின்னஞ்சல் அனுப்புவது என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், உள்ளே நடப்பவை பல கைமாற்றங்கள். கணக்கைத் தொகுக்கும் நிரல் ஆடிட்டரின் அஞ்சல் பெட்டியில் மடலை நேரே கொண்டுபோய்ப் போடுவதில்லை. அதே கணினிக்குள் இயங்கும் அஞ்சல் கடத்தி என்னும் நிரலிடம் மடலைக் கொடுத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்று ஒதுங்கிவிடுகிறது. சென்ட்மெயில், எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகியவை அத்தகைய கடத்திகள். அவற்றுள் வீட்சே வெனமா எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸை வைத்தே இங்கே விளக்குகிறேன். மாமாவின் கணினியில் இருப்பதும் அதுதான்.

கடத்தி தன்னிடம் வந்த மடலை முதலில் வட்டில் ஒரு வரிசையில் எழுதி வைக்கிறது. பிறகு, பெறுநரின் முகவரியில் அட் குறிக்குப் பின்னால் உள்ள பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெயருக்கு வரும் மடல்களை வாங்கிக்கொள்ளும் சர்வர் எது என்று, இணையப் பெயர்களுக்கு உரிய முகவரி விவரங்களைத் தரும் டிஎன்எஸ்ஸில் விசாரிக்கிறது. இதற்கான விடையை எம்எக்ஸ் பதிவு என்கிறோம். நம் ஊர் அஞ்சலை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். குடியாத்தத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 632602. ஒரு காலத்தில் அதே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த ஆம்பூருக்கு 635802. கடிதங்களைப் பிரிப்பவர் தெருவின் பெயரையும் வீட்டு எண்ணையும் ஆராய வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்ததும் எந்தப் பைக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அட் குறிக்கு முன்னால் உள்ள ஆள் பெயர், போய்ச் சேரும் சர்வருக்குத்தான் தேவை.

சர்வர் எது என்று தெரிந்ததும், கடத்தி அதன் 25ஆம் எண் போர்ட்டை, அதாவது அஞ்சலுக்கென்று எண்ணிட்ட கதவைத் தட்டி, எஸ்எம்டிபி என்னும் நெறிமுறைப்படி உரையாடத் தொடங்குகிறது. 1982ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் வரையறுக்கப்பட்ட இந்த உரையாடல், அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது. கதவு திறந்ததும் எதிர்ச் சர்வர் 220 என்கிறது. நம் கடத்தி தன் பெயரைச் சொல்லி வணக்கம் கூறுகிறது. சர்வர் 250 என்கிறது. இன்னாரிடமிருந்து வருகிறது என்றால் 250, இன்னாருக்குப் போக வேண்டும் என்றால் 250, இதோ மடல் என்றால் '354, கொடுங்கள்' என்கிறது. மடலைக் கொடுத்து முடித்த பின் மறுபடியும் ஒரு 250 வந்தால், அந்த நொடியில் பொறுப்பு கைமாறிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு மடல் தொலைந்தால் அது நம் கணினியில் தொலைந்ததாகாது.

இந்த மூன்று இலக்க எண்களில் முதல் இலக்கத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். 2 என்றால் ஏற்றுக்கொண்டாயிற்று. 4 என்றால் இப்போது முடியாது, பிறகு வா. 5 என்றால் முடியாது, திரும்ப வராதே. 4 வந்த மடலைக் கடத்தி வரிசையிலேயே வைத்துக்கொண்டு, விட்டு விட்டு மறுபடியும் முயல்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில் இது 5 நாள் வரை நடக்கும். 5 வந்த மடலை உடனே அனுப்பியவருக்குத் திருப்பிவிடுகிறது. எனவே 4இல் தொடங்கும் பதிலைக் கண்டவுடன் மடலை அழித்துவிட்டு மறுபடியும் அனுப்புவது வீண் வேலை. அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் முதல் மடலை வேண்டுமென்றே 450 என்று சொல்லித் திருப்பி, சில நிமிடம் கழித்து மறுபடி வந்தால் ஏற்றுக்கொள்ளும் சர்வர்களும் உள்ளன. ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் இரண்டாம் முறை வருவதில்லை என்பதே அதன் அடிப்படை.

வரிசையும் பதிவேடும்

மாமாவிடம் முனையத்தைத் திறக்கச் சொல்லி, மெயில்க்யூ என்ற கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். மடல் போகவில்லை என்றால் கை முதலில் போக வேண்டிய இடம் அதுவே. வரிசை காலியாக இருந்தால், ஒன்று மடல் வரிசையை விட்டுப் போயிருக்கும், அல்லது கடத்தியிடம் வந்தே இருக்காது. வரிசையில் மடல்கள் நின்றால் அவை வந்து சேர்ந்துள்ளன, ஆனால் வெளியேற முடியவில்லை என்று பொருள். இந்த ஒரு கட்டளை தேட வேண்டிய பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. மாமாவின் வரிசையில் 3 மடல்கள் நின்றன.

அடுத்தது பதிவேடு. டெபியனிலும் உபுண்டுவிலும் இது வார் என்ற அடைவுக்குள் லாக் என்ற அடைவில், மெயில் டாட் லாக் என்ற கோப்பாக இருப்பது வழக்கம். 2023இல் வந்த டெபியன் 12 முதல், ஆர்சிஸ்லாக் என்ற பதிவு நிரல் தானாக நிறுவப்படுவதில்லை என்பதால், அந்தக் கோப்பே இல்லாமல் போகலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையில் போஸ்ட்ஃபிக்ஸ் தொடர்பான வரிகளைத் தேடினால் அதே செய்திகள் கிடைக்கும்.

அந்த வரிகள் முதல் பார்வைக்கு மிரட்டுவதாக இருக்கும் என்பதால், ஒரு வரியை மட்டும் நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். தேதியும் நேரமும் முதலில் இருக்கும். அடுத்து, போஸ்ட்ஃபிக்ஸின் எந்தப் பகுதி இதை எழுதியது என்று இருக்கும்: எஸ்எம்டிபி என்றால் வெளியே கொண்டுபோகும் பகுதி, எஸ்எம்டிபிடி என்றால் வெளியிலிருந்து வாங்கும் பகுதி, லோக்கல் என்றால் இந்தக் கணினிக்குள்ளேயே கொடுக்கும் பகுதி. கடைசியில் வரும் அந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல், வாங்கும் பகுதியின் வரியை அனுப்பும் வரி என்று எண்ணி நான் ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். பிறகு மடலின் அடையாளக் குறி வரும். அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு தேடினால், ஒரே மடலின் முழு வரலாறும் வரிசையாகக் கிடைக்கும். அதற்கும் பின்னால் 'டு' என்பதில் பெறுநர் முகவரி, 'ரிலே' என்பதில் எந்தச் சர்வரிடம் பேசியது என்பது, 'டிலேஸ்' என்பதில் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்ட நான்கு கால அளவுகள், இறுதியில் 'ஸ்டேட்டஸ்' ஆகியவை இருக்கும்.

ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் சென்ட் என்றிருந்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது, டெஃபர்ட் என்றிருந்தால் காத்திருக்கிறது, பவுன்ஸ்டு என்றிருந்தால் திருப்பப்பட்டது. அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் இருக்கும் வாக்கியம்தான் காரணம். எதிர்ச் சர்வர் சொன்ன சொற்கள் பெரும்பாலும் அப்படியே அங்கே இருக்கும். தொடங்குகிறவர்கள் பலர் டெஃபர்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். அதற்கு அப்பால் உள்ள அந்த ஒரு வாக்கியத்தை எழுத்துக்கூட்டியாவது படித்துவிட வேண்டும். ரிலே என்ற இடத்தில், எதுவுமில்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'நன்' என்றிருந்தால், எந்தச் சர்வரோடும் பேச்சே தொடங்கவில்லை என்று அறியலாம். கால அளவுகளில் மூன்றாவது, எதிர்ச் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தச் செலவான நேரம். அது 30 நொடியளவில் நின்றால், கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது என்று பொருள்.

கணினிக்குள்ளேயே தங்கிவிடும் மடல்

சத்துவாச்சாரியில் என் வீட்டிலும் ஒரு லினக்ஸ் கணினி குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டிருந்தது. வட்டில் பழுது தெரிந்தால் எனக்கு மடல் அனுப்பும்படி ஸ்மார்ட்டிடி என்ற கண்காணிப்பு நிரலை அமைத்திருந்தேன். மடல் எதுவும் வராததால் எல்லாம் நலம் என்றிருந்தேன். ஒரு நாள் வட்டு நின்றுபோனது. என் மகளின் பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் அதோடு போயின. பதிவேட்டைப் பார்த்தபோது, மூன்று வாரமாக எச்சரிக்கை மடல்கள் ஒழுங்காக அனுப்பப்பட்டிருந்தன. ஸ்டேட்டஸ் சென்ட் என்றே இருந்தது. ஆனால் ரிலே என்ற இடத்தில் லோக்கல் என்றிருந்தது. ரூட் என்னும் நிர்வாகிப் பயனருக்கு எழுதப்பட்ட அத்தனை மடல்களும் அதே கணினியின் வார் அடைவுக்குள் மெயில் என்ற இடத்தில், நான் ஒருபோதும் திறக்காத பெட்டியில் குவிந்திருந்தன. முனையத்தில் நுழையும்போது 'யூ ஹேவ் மெயில்' என்று ஒரு வரி வருவதை நான் பலமுறை பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

இதற்கான மருந்து மிகச் சிறியது. இடிசி அடைவில் உள்ள ஏலியசஸ் கோப்பில், ரூட்டுக்கு வருவதை நாம் அன்றாடம் பார்க்கும் முகவரிக்கு அனுப்பும்படி ஒரு வரி எழுதி, நியூஏலியசஸ் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். இரண்டாவது கட்டளையை மறந்தால் முதல் வரியால் பயனில்லை.

வரிசையும் காலி, பதிவேடும் காலி என்றால் கடத்தியே நிறுவப்படாமல் இருக்கலாம். மேசைக் கணினிக்கான லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் கடத்தி தானாக வருவதில்லை. அப்போது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் என்ற நிரலின் பதிவில், எம்டிஏ (அஞ்சல் கடத்தி) எதுவும் நிறுவப்படவில்லை, வெளியீட்டைக் கைவிடுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும்.

மின்வெட்டு உள்ள ஊர்களில் அடிக்கடி காணும் இன்னொரு கோளாற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் திரும்பியதும் கணினி முந்திக்கொண்டு எழுந்துவிடும். மோடம் அதற்குப் பின்தான் எழும். டெபியன் குடும்பத்தில் நெடுங்காலமாகப் போஸ்ட்ஃபிக்ஸ் தனக்கென்று அடைக்கப்பட்ட ஓர் அடைவுக்குள் இயங்கி வந்திருக்கிறது. டிஎன்எஸ் சர்வரின் முகவரி எழுதப்பட்ட ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்பைத் தொடங்கும் நேரத்தில் அங்கே நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் இணைய இணைப்பு இல்லையென்றால் நகல் வெறுமையாக இருக்கும். உலாவியில் எல்லாப் பக்கங்களும் திறக்கும். கடத்தி மட்டும் சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸை மட்டும் ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும்.

வீட்டு இணைப்பின் இயல்பான தடைகள்

மடல் வரிசையில் நிற்கிறது, பதிவேட்டில் கனெக்ஷன் டைம்ட் அவுட் என்றிருக்கிறது என்றால், பெரும்பாலும் நம் அமைப்பில் பிழை இல்லை. வீட்டு இணைப்பு வழங்கும் நிறுவனங்கள் பல, 25ஆம் போர்ட் வழியாக வெளியே செல்லும் போக்குவரத்தை அடைத்து வைத்திருக்கின்றன. வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் உரிமையாளருக்குத் தெரியாமலே ஸ்பேம் கொட்டியதால் வந்த ஏற்பாடு இது. சோதிப்பது எளிது: என்சி அல்லது டெல்நெட் கட்டளையால் ஒரு பெரிய அஞ்சல் சேவையின் எம்எக்ஸ் சர்வரை 25ஆம் போர்ட்டில் தட்டிப் பாருங்கள். பிறகு அதே சேவையின் அனுப்பும் சர்வரை 587ஆம் போர்ட்டில் தட்டிப் பாருங்கள். இரண்டாவதில் உடனே 220 வந்து, முதலாவதில் திரை அசையாமல் நின்றால், அடைப்பு எங்கே என்று ஐயத்துக்கு இடமில்லை. எங்கள் தெருவுக்குப் புதிதாக ஃபைபர் இழுத்த நிறுவனத்தின் உதவி எண்ணில், அப்படி எதுவும் அடைக்கப்படவில்லை என்று இருமுறை உறுதியாகச் சொன்னார்கள். மூன்றாம் முறை வேறொருவர்தான் ஒப்புக்கொண்டார். எனவே வாய்ச்சொல்லைவிடச் சோதனையை நம்புங்கள்.

25ஆம் போர்ட் திறந்திருந்தாலும் தொல்லை தீராது. வீட்டு இணைப்பின் ஐபி முகவரி அவ்வப்போது மாறும். பல இடங்களில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அத்தகைய பகிர்வில் இருக்கிறீர்கள். 1998இல் தொடங்கப்பட்ட ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு, இத்தகைய வீட்டு முகவரித் தொகுதிகளைப் பிபிஎல் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. பல சர்வர்கள் அதைப் பார்த்து 554 அல்லது 550 என்று சொல்லி மடலை மறுக்கின்றன. அந்தப் பட்டியலில் தம் முகவரியைக் கண்டவர்கள், தம்மை யாரோ ஸ்பேம் அனுப்பியவர் என்று பழிப்பதாக எண்ணி வருந்துகிறார்கள். அது குற்றச்சாட்டு அன்று; இந்த முகவரிகளிலிருந்து மடல் நேரடியாக வரக் கூடாது, ஒரு சேவை வழியாக வர வேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே. மேலும், ஐபி முகவரியிலிருந்து பெயரைக் கண்டறிய உதவும் பிடிஆர் பதிவை மாற்றும் உரிமை அந்த முகவரியைத் தந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வீட்டு வாடிக்கையாளருக்கு அதைப் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள்.

இவை அனைத்தையும் எதிர்த்துப் போராடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுக் கணினி மடலை எழுதட்டும். ஊர் ஊராகக் கொண்டுபோகும் வேலையை, அதற்கென்று நல்ல பெயர் பெற்ற முகவரி உள்ள ஓர் அஞ்சல் சேவையிடம் விட்டுவிடுவதே சரி. போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற அமைப்பு இதற்காகவே உள்ளது. அதில் சேவையின் அனுப்பும் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, 587 என்ற எண்ணையும் சேர்க்க வேண்டும். சதுர அடைப்புக்குறி இருந்தால், எம்எக்ஸ் பதிவைத் தேடாமல் அந்தச் சர்வரிடமே நேராகப் போ என்று பொருள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தனிக் கோப்பில் இருக்கும். அதைத் திருத்தியபின் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும், ரூட்டைத் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி அனுமதியையும் 600 என்று வைக்க வேண்டும்.

மாமாவின் கணினியில் இந்த ஏற்பாடு முன்பே இருந்தது. அப்படியானால் மூன்று நாள் தடைக்கு என்ன காரணம்? பதிவேட்டின் வரியை அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார்: ஸ்டேட்டஸ் டெஃபர்ட், அடைப்புக்குறிக்குள் 535, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை. "பாஸ்வேர்ட் எதாவது மாத்தினீங்களா மாமா?" என்று கேட்டேன். அந்த வாரம் அவர் மகன் பாதுகாப்புக்காகக் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தான். ஜிமெயில் வழியாக மடல் அனுப்பும் இத்தகைய நிரல்களுக்கு, இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துள்ள செயலிக் கடவுச்சொல் ஒன்றைத் தனியாக உருவாக்கிக் கொடுக்கிறோம். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியதும் கூகுள் பழைய செயலிக் கடவுச்சொற்களை எல்லாம் செல்லாதவை ஆக்கிவிடுகிறது. யாரும் தவறு செய்யவில்லை. புதிய ஒன்றை உருவாக்கி, கோப்பில் எழுதி, போஸ்ட்மேப் ஓட்டி, போஸ்ட்க்யூ கட்டளையோடு எஃப் எழுத்தைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். காத்திருந்த மூன்று மடல்களும் ஒரு நிமிடத்துக்குள் கிளம்பின. 535 என்பது 5இல் தொடங்கும் எண்ணாயிற்றே, உடனே திருப்பியிருக்க வேண்டாமா என்று கூர்ந்து படிப்பவர் கேட்கலாம். உள்நுழைவு மறுக்கப்படுவதைத் தற்காலிகத் தடையாகவே கருதும்படி போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் கணக்குகள் அழியாமல் நின்றன.

சென்ட் என்றிருந்தும் பெறுநருக்குக் கிடைக்கவில்லை என்றால், ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருந்தால், மடலின் மூலவடிவத்தைத் திறந்து, மடல் அந்தப் பெயருக்கு உரியவரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்றுக்கும் பாஸ் என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொண்டு, அனுப்பும் சேவையை எஸ்பிஎஃப் பதிவில் சேர்க்காமல் விடுவது பொதுவான பிழை. ஜிமெயிலுக்கு மடல் அனுப்பும் எவரும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது.

மாமாவின் கணினி இப்போது கணக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும், காலை 6 மணிக்கு எனக்கு ஒரு வரி மடல் அனுப்புகிறது. அது வராத நாளில் நான் அவருக்கு அழைத்து மெயில்க்யூ கொடுக்கச் சொல்கிறேன். வரிசை நிரம்புகிறது என்ற எச்சரிக்கையை மட்டும் மின்னஞ்சலில் அமைக்காமல், கணினித் திரையில் தெரியும்படி வைத்திருக்கிறேன். மடலாக அனுப்பினால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும்.